வெளியுறவுச் சேவை: ராமேஸ்வரம் கரையிலிருந்து ஒரு பயனாளியின் மதிப்புரை

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதிகமாகப் பயன்படுத்தும் வெளியுறவுச் சேவை என்று ஒன்று இருக்குமானால், அது ராமநாதபுரம் கடற்கரையில்தான் இருக்க வேண்டும். திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு பாம்பனிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் புறப்படும் விசைப்படகுத் தொழிலாளி, தான் வெளிநாடு போவதாக நினைப்பதில்லை. ஆனால் தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான் என்பதால், வலை போகும் போக்கில் படகும் போய்விட, மறுநாள் அவர் மன்னார் நீதிமன்றத்திலோ ஊர்காவற்துறை நீதிமன்றத்திலோ நிற்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குத் தேவைப்படுவது கடற்படையோ கடலோரக் காவல்படையோ அல்ல; யாழ்ப்பாணத்தில் 2010-இல் திறக்கப்பட்ட இந்தியத் துணைத் தூதரகம். படகுச் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இந்தச் சேவையின் உள்ளும் புறமும் ஓரளவு பார்த்திருப்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் விலை. 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. வெளியுறவு அமைச்சகத்துக்கு 20,516 கோடி. அதாவது அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது பைசா. தூதரகங்கள், அதிகாரிகள், வெளிநாடுகளுக்கான உதவி எல்லாம் அந்த நாற்பது பைசாவுக்குள் அடக்கம். அந்த உதவித் தொகையிலும் இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது 300 கோடி. நம் கரைக்குப் புரியும் கணக்கில் சொன்னால், ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம் 2017-இல் தொடங்கியபோது ஒரு படகுக்கு வைத்த விலை 80 லட்சம். அந்த விலையில் 375 படகு. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. அவற்றின் செலவைப் பற்றி யாரும் முணுமுணுத்துக் கேட்டதில்லை. ஆனால் 'இலங்கைக்கு இந்தியா உதவி' என்ற செய்தி வந்தாலே, நம்ம ஊரில் ரோடு போட முடியவில்லை, அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று டீக்கடையில் பேச்சு எழும்பிவிடும். அந்தக் கேள்வி நியாயமானது; அதற்கு இந்தக் கரையிலேயே பதில் இருக்கிறது.

ஒரு கைதுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். டி.என்.10 என்று தொடங்கும் படகின் பதிவெண், அதில் போனவர்களின் பெயர், ஆதார், மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் மீன்துறை அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கிருந்து சென்னைக்கும் டெல்லிக்கும் போய், கடைசியில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வருகின்றன. காகிதம் இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே துணைத் தூதரக அதிகாரி சிறைக்குப் போய் நம்மவர்களைப் பார்க்கிறார். 1963-ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. விடுதலை ஆனவருக்குப் பாஸ்போர்ட் இல்லாததால், ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை அச்சிட்டு, கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம் ஏற்றிவிடுகிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை விமானம் ஏறியதும் அப்படித்தான் என்று சொல்லும் பெரியவர்கள் தங்கச்சிமடத்தில் உண்டு. இந்தப் பகுதியில் சேவைக்குக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே சேவையின் உச்சம் 2014-இல் தெரிந்தது. கடலில் 2011-இல் கைதான தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐவருக்கு, போதைப்பொருள் வழக்கில் கொழும்பு உயர் நீதிமன்றம் அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் கொதித்தது, பேருந்து எரிந்தது, தண்டவாளம் பெயர்ந்தது. அன்றைக்குப் போர்க்கப்பலை அனுப்ப வேண்டும் என்று மேடையில் முழங்கியவர்களும் உண்டு. இந்திய அரசு மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் வைத்தது. பிரதமர் நரேந்திர மோடி, அதிபர் மகிந்த ராஜபக்சவுடன் தொலைபேசியில் பேசினார். ஒரு மாதம் முடிவதற்குள் ஐவரும் பொதுமன்னிப்புப் பெற்று உயிரோடு ஊர் திரும்பினார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்கு அந்தப் பக்கத்தில் மரியாதை இருக்க வேண்டுமென்றால், அதற்கு முன் பல ஆண்டுகள் உறவுக்குச் செலவு செய்திருக்க வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் டீக்கடையில் கணக்குக் கேட்கிறோம்.

மீனவரை விட்டுவிட்டு நாட்டின் பாதுகாப்பு என்ற பெரிய கணக்குக்கு வந்தாலும் கதை நம் கண்ணெதிரில்தான் நடக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்றாலை மின்திட்டம் அமைக்கும் ஒப்பந்தத்தை 2021 ஜனவரியில் இலங்கை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தீவுகளில் சீனப் பொறியாளர்களும் கருவிகளும் வந்து இறங்கினால், பருந்து தளத்துக்கு எத்தனை விமானம் கொடுத்தாலும் அதை மாற்ற முடியாது. அது இன்னொரு நாட்டின் மண். இந்தியா அதே திட்டத்தை மானியமாகவே செய்து தருகிறோம் என்று முன்வந்தது. சீன நிறுவனம் விலகியது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. செலவு சுமார் 1.1 கோடி டாலர். நாட்டின் பாதுகாப்புக்காக இதைவிட மலிவாக எதையாவது வாங்கியிருக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. தெற்கே அம்பாந்தோட்டையில் நிலைமை வேறு. கடனில் கட்டிய துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றபோது நம்மால் கவலை தெரிவிக்கத்தான் முடிந்தது.

அமெரிக்கத் தளபதி ஜேம்ஸ் மேட்டிஸ் 2013-இல் தம் நாட்டு நாடாளுமன்றத்தில், வெளியுறவுத் துறைக்கு முழுப் பணம் தராவிட்டால் தமக்கு இன்னும் அதிகமாகத் தோட்டா வாங்க வேண்டியிருக்கும் என்ற பொருள்பட எச்சரித்தார். அந்த நாடே 2025-இல் தன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை இழுத்து மூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

2022-ஐ நம் கரை மறக்காது. இலங்கையில் பொருளாதாரம் சரிந்து பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, மார்ச் மாதத்தில் தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டில் கைக்குழந்தையோடு குடும்பங்கள் வந்து இறங்கின. மண்டபம் முகாமின் கதவு மறுபடி திறந்தது. அந்த ஆண்டு இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குத் தோள் கொடுத்தது. பெரும்பகுதி இனாம் அல்ல. தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் கடன் வரிசை, நாணயப் பரிமாற்றம், தள்ளிவைத்த பாக்கி. தமிழக அரசும் மே மாதத்தில் அரிசி, பால்மா, மருந்து ஏற்றிய கப்பலை அனுப்பியது. இலங்கையின் கடனைச் சீரமைக்கச் சம்மதம் என்று சர்வதேச நாணய நிதியத்திடம் முதலில் உறுதி கொடுத்த, கடன் தந்த நாடு இந்தியாதான். அந்த உதவி போகாமல் இருந்திருந்தால், சில நூறு பேரோடு நின்ற வருகை எத்தனை ஆயிரமாகியிருக்கும் என்பதை, எண்பதுகளில் அகதிப் படகுகளைக் கண்ட யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி குறைகள். இவற்றைப் பூசி மெழுக முடியாது. 2016 நவம்பரில் இரு நாடுகளும் மீன்வளக் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவது என்று முடிவு செய்தன. அந்தக் குழுவின் ஆறாவது கூட்டம் நடந்தது 2024 அக்டோபரில். எட்டு ஆண்டுகளில் முப்பதுக்கு மேல் கூட வேண்டிய குழு ஆறு முறை கூடியிருக்கிறது. ஆட்களை மீட்கும் சேவை படகுகளை மீட்பதில் அநேகமாகத் தோற்றுவிட்டது. 2018-இல் இலங்கை வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் குறித்த சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, கடனில் வாங்கிய படகு அந்தக் கரையிலேயே மட்கிப் போவதை உரிமையாளர் செய்தித்தாள் படத்தில்தான் பார்க்கிறார். அதிகாரிகள் எண்ணிக்கையும் போதாது: இந்திய வெளியுறவுப் பணியின் முதன்மைப் பிரிவில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றக் குழுவே குறைப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது கஞ்சத்தனம்.

இன்னொரு குறை சேவையுடையது அல்ல, நம்முடையது. வடக்கிலும் கிழக்கிலும் போரில் வீடிழந்தவர்களுக்கு 50,000 வீடு கட்டும் திட்டத்தை இந்தியா எடுத்துச் செய்தது. நம் 108 போல அங்கே 1990 என்ற எண்ணில் ஓடும் ஆம்புலன்ஸும் இந்திய மானியத்தில் தொடங்கியதுதான். அந்த வீட்டில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து மீனவர், காலையில் கடலுக்குப் போனால் தன் வலையை நம் இழுவை மடி (விசைப்படகு கடலடியில் வாரி இழுக்கும் வலை) அறுத்துக்கொண்டு போயிருப்பதைக் காண்கிறார். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது அவரைப் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகுதான். நம் வரிப்பணம் பகலில் சேர்க்கும் நல்லெண்ணத்தை நம் படகே இரவில் வாரிக்கொண்டு வருகிறது. இதை இங்கே எழுதினால் சங்கத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இழுவை மடியை விட்டுவிட உதவ வேண்டிய ஆழ்கடல் படகுத் திட்டமோ, ராமேஸ்வரத்தில் ஆரவாரத்தோடு தொடங்கி, இலக்கின் பக்கத்தில்கூட வராமல் நின்றுவிட்டது. எண்பது லட்சத்தில் பத்து சதவீதத்தைக் கையிலிருந்து போட்டு இருபது சதவீதத்துக்கு வங்கியில் நிற்பது சிறு முதலாளிக்கு எளிதல்ல.

ஆகவே ஐந்துக்கு மூன்றரை. நெருக்கடியில் கைகொடுப்பதற்கு ஐந்தே தரலாம். நெருக்கடி வராமல் பார்த்துக்கொள்ளும் அன்றாட வேலைக்கு இரண்டுக்கு மேல் தர முடியாது. விலையோ குறைவு, இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அப்படிக் கூடுதலாக ஒதுக்கினால், முதலில் மீனவர்களுக்கிடையேயான பேச்சுவார்த்தைக்குப் பணம் வைக்க வேண்டும் என்பேன். 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் அரசுகளின் ஏற்பாட்டில் அது நடந்தது. பிறகு தொடர்ச்சி விட்டுப்போனது. மொழிபெயர்ப்பாளரே தேவைப்படாத பேச்சுவார்த்தை வெளியுறவுத் துறைக்கு வேறு எங்கே வாய்க்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன. வருடா வருடம் அந்த இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை மண்டபத்திலும் மறுமுறை மன்னாரிலும் கூட்டத்தைப் போட்டால், வேலை கெட்டது என்று சொல்லி எங்கள் பக்கத்து விசைப்படகுக்காரர் யாரும் வராமல் இருக்க முடியாது.