முதியோரை வைத்து நடத்தப்படும் யூடியூப் சனல்கள்: வன்னி உறவுகளுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உங்கள் வீட்டிலோ அயலிலோ கைப்பக்குவமும் கதைக்கும் வல்லமையும் உள்ள ஒரு முதியவர் இருந்து, அவரை வைத்து யூடியூப் சனல் தொடங்கித் தருகிறேன் என்று யாராவது படலையில் வந்து நின்றால், சம்மதிப்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: சனல் யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்படும், பணம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகும்? விசுவமடுவில் இருக்கும் எங்கள் அம்மம்மாவிடம் வந்தவர் இரண்டையும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

வந்தவர் மரியாதையானவர்தான். வாய் நிறைய ‘ஆச்சி’ என்று அழைத்து, ஒடியல் கூழ் காய்ச்சுவதைப் படமெடுத்து, வருமானத்தில் அரைவாசி அம்மம்மாவுக்கு என்று வாய்ப்பேச்சாகச் சொன்னார். நூறு வயதைக் கடந்தவராக யூடியூபில் அறியப்பட்டு 2018 டிசம்பரில் காலமான ஆந்திராவின் மஸ்தானம்மாவையும், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட ‘வில்லேஜ் குக்கிங் சனல்’ புதுக்கோட்டைத் தாத்தாவையும் உதாரணம் காட்டினார். அந்த இரண்டு சனல்களையும் நடத்தியவர்கள் சொந்தப் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளையும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

காணொளிகள் புலம்பெயர்ந்தோரிடையே வேகமாகப் பரவின. அதன் பின்னர்தான் படமெடுக்கும் விதம் மாறியது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு கமெராவில் விழாதபடி, பின்னாலிருக்கும் கிடுகுக் குசினியின் முன்னால் மட்டும் அம்மம்மா இருத்தப்பட்டார். “தோட்டைக் கழற்றி வையுங்கோ ஆச்சி, கண்ணாடியும் வேண்டாம்” என்றார்; கண்ணாடி இல்லாமல் அவருக்கு மீன் முள் தெரியாது. ஆறிய கூழைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றி, ஆவி பறக்கும்போது பிலாவிலையைக் கோலிக் குடிக்கச் சொன்னார். ஒரு நாள், 2009இல் காணாமற்போன எங்கள் மாமாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கதைக்கச் சொல்லி, அம்மம்மா அழத் தொடங்கியதும் கமெராவை அவருடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். காசு போனதைவிட எனக்கு இதுதான் பொறுக்க முடியாதது.

காசைப் பற்றிக் கேட்டால் “இன்னும் வரேல்லை ஆச்சி” என்பதே பதில். தொடக்கத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். 1,000 சந்தாதாரர்களும், அதனுடன் 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையோ 90 நாட்களில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடி பார்வைகளோ இருந்தால்தான் யூடியூப் விளம்பர வருமானத்தைப் பகிரும். அந்த எல்லையைத் தாண்டிய பின், நீண்ட காணொளிகளில் வரும் விளம்பர வருமானத்தின் 55 வீதம் சனல்காரருக்கு உரியது. 10 டொலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் இரகசிய இலக்கம் தபாலில் வரும். 100 டொலரானதும் வங்கிக்குப் பணம் போகும். பதிவிலிருந்த முகவரி அவருடையது என்பதால் அந்தக் கடிதம் எங்கள் வீட்டைத் தேடி வர வழியே இல்லை.

விளம்பர வருமானம் ஒருபுறமிருக்க, பெரிய மோசடி வேறு இடத்தில் நடந்தது. கனடாவிலிருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “கிணறு கட்டி முடிஞ்சுதோ?” என்று அம்மம்மாவிடம் கேட்டார். எங்கள் வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு முன்பே இருக்கிறது. ஆச்சிக்குக் கிணறு கட்ட உதவுங்கள் என்று காணொளியின் கீழே ஒரு கணக்கிலக்கம் போடப்பட்டிருந்ததும், அது படமெடுத்தவருடைய சொந்தக் கணக்கு என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. அம்மம்மாவுக்குக் கிடைத்தவை ஒரு மூட்டை அரிசியும் ஒரு சேலையும். அவற்றைக் கொடுத்ததும் கமெராவுக்கு முன்னால்தான். அதுவும் ஒரு காணொளியாக வெளிவந்து, மற்றவற்றைவிட அதிகம் பார்க்கப்பட்டது.

நேரில் கேட்டபோது, “சனல் என்ர பேரில இருக்கு, ஆச்சி விரும்பித்தான் நிண்டவ” என்று கூறி, அம்மம்மா கையொப்பமிட்ட ஆங்கிலத் தாள் ஒன்றைக் காட்டினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அம்மம்மாவுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்தோம். பணக் கொடுக்கல் வாங்கல் என்று கூறி மத்தியஸ்த சபைக்கு அனுப்பியிருக்கிறார்கள். தனியுரிமை முறைப்பாட்டை யூடியூபிடம் வழக்கமாகப் பாதிக்கப்பட்டவரே செய்ய வேண்டும் என்றாலும், கணினி வசதி இல்லாதவருக்காக இன்னொருவர் செய்ய இடமுண்டு. காணொளியை நீக்கவோ திருத்தவோ பதிவேற்றியவருக்கு 48 மணிநேரம் கொடுக்கப்படலாம். மாமாவின் படம் வந்த காணொளி இப்போது இல்லை. மற்றவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, வருமானமும் அவருக்கே போகிறது.

உங்கள் வீட்டு முதியவருக்கு இதில் விருப்பமிருந்தால் தடுக்க வேண்டாம். அம்மம்மாவே படமெடுத்த நாட்களில் உற்சாகமாகத்தான் இருந்தார். சனலை வீட்டிலுள்ள ஒருவரின் மின்னஞ்சலில் திறந்து, படமெடுப்பவருக்கு ‘மேலாளர்’ அனுமதியை மட்டும் கொடுங்கள். அவரால் காணொளிகளைப் பதிவேற்ற முடியும், சனலை அழிக்க முடியாது. தன் சனலில்தான் போடுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், வருமான விபரம் தெரியும் ‘பார்வையாளர்’ அனுமதியையாவது கேட்டு வாங்குங்கள். அதற்கும் மறுப்பவரைப் படலையோடு அனுப்பிவிடலாம். பங்கு எவ்வளவு என்பதைத் தமிழில் எழுதி, சமாதான நீதவான் ஒருவரின் முன்னிலையில் இரு தரப்பும் கையொப்பமிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப நினைப்பவர்கள், காணொளியிலுள்ள கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அது அந்த முதியவரின் பெயராக இல்லாவிட்டால், ஊரிலுள்ள உறவினர் மூலமோ அந்தப் பிரிவின் கிராம அலுவலர் மூலமோ குடும்பத்தாரிடம் நேரே விசாரித்த பின்னரே அனுப்புங்கள்.