ஃப்ளூ ஊசி: கட்டாயமா, மாஸ்க்கா, அவரவர் விருப்பமா?

மருத்துவமனை ஊழியர்களை ஃப்ளூ தடுப்பூசி போட வைக்க மூன்று வழிகள் உண்டு. போட்டால்தான் வேலை என்பது ஒன்று. போடாதவர் சீசன் முழுக்க மாஸ்க் அணிய வேண்டும் என்பது இன்னொன்று. இலவசமாகத் தருகிறோம், வேண்டாம் என்றால் மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்பது மூன்றாவது. எங்கள் தொற்றுத் தடுப்புக் குழு மூன்றையும் அலசிவிட்டு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன்.

ஊசி ஏன் தேவை என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். அதனால் “உடம்பு சரியில்லை என்றால் லீவு போட்டுவிடுகிறேன்” என்ற வாதம் எடுபடாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: இதை வருடா வருடம் நடத்துகிற பாடு. ஹெபடைடிஸ் பி ஊசியை ஒரு கோர்ஸ் போட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஃப்ளூ அப்படியில்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் சில மாதங்களில் இறங்கிவிடும். எந்தத் திட்டமானாலும் ஒவ்வொரு சீசனுக்கும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் விருப்ப ஊசி தோற்கிறது. ஆரம்பத்தில் சூடாகப் போகும், அப்புறம் ஆர்வம் வடியும். இங்கிலாந்தில் 2020-21 சீசனில் முன்களச் சுகாதார ஊழியர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். 2023-24இல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது.

மாஸ்க் வழி நல்ல சமரசம் மாதிரி தெரியும். ஆனால் அதை யார் கண்காணிப்பது? காலையில் மூக்கை மூடியிருந்த மாஸ்க் நள்ளிரவில் தாடைக்கு இறங்கியிருக்கும். பொறுப்பு நர்ஸ் தன் கூடவே வேலை பார்ப்பவரிடம் தினமும் மல்லுக்கட்ட வேண்டும். மாஸ்க் போட்டவர் யார் என்பதை வைத்தே ஊசி போடாதவர் யார் என்று வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். கனடாவில் ஒன்டாரியோ மருத்துவமனைகளின் இந்த விதியை, போதிய ஆதாரம் இல்லை என்று தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் 2015இலும் 2018இலும் ஏற்க மறுத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா 2012இல் கொண்டுவந்ததை 2019இல் கைவிட்டது.

கட்டாயத்தில் தலைவலி சில வாரங்களோடு முடிகிறது. விலக்குக் கேட்பவர்களின் மனுக்களைப் பார்த்து முடிவு சொன்னால் போதும், சீசன் நடுவே யாரையும் துரத்த வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005இல் கட்டாயமாக்கியது. நர்ஸ்கள் சங்கம் எதிர்த்து, உள்நோயாளிப் பிரிவு நர்ஸ்களுக்கு விலக்கும் வாங்கியது. அப்படியிருந்தும் முதல் சீசனிலேயே ஊசி போட்டவர்கள் 97 சதவிகிதத்தைத் தாண்டி, அடுத்த ஆண்டுகளிலும் இறங்காமல் நின்றது. அங்கேயே செயின்ட் லூயிஸின் பிஜேசி மருத்துவமனைக் குழுமம் கட்டாயமாக்கியபோது, சுமார் 26,000 ஊழியர்களில் வேலை இழந்தவர்கள் 8 பேர்தான்.

ஒரு நிபந்தனை: கட்டாயம் என்று சொன்னால் ஊசி ஊழியரைத் தேடிப் போக வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் குளிர்ப்பெட்டியோடு இரவு ஷிஃப்ட்டில் ஐசியூ வாசலுக்கே போய் நிற்க வேண்டும். பகல் பத்து மணிக்கு அலுவலகத்தில் வந்து போட்டுக்கொள் என்றால் இரவு வேலை செய்பவர் திட்டத்தான் செய்வார்.

இதில் பலவீனமான இடமும் உண்டு. வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் ஊசியின் பலன் 40 முதல் 60 சதவிகிதம். பொருந்தாவிட்டால் அதிலும் மிகக் குறைவு. ஊழியர்கள் போட்டால் முதியோர் இல்லங்களில் இறப்பு குறைகிறது என்ற ஆய்வுகளை, நம்ப முடியாத அளவுக்குப் பெரிய கணக்கு என்று 2017இல் வந்த மறு அலசல் ஒன்று விமர்சித்தது. அதனால்தான் நாங்கள் எடுத்த எடுப்பில் வேலைநீக்கம் என்று வைக்கவில்லை. மறுப்பவரை சீசன் முடியும்வரை நோயாளிகள் இல்லாத பிரிவுக்கு மாற்றுகிறோம். ஆள் பற்றாக்குறை உள்ள சிறிய மருத்துவமனையில் இது கட்டுப்படியாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒப்பந்த ஊழியர்கள் அதிகமுள்ள இடங்களில் எனக்கு அனுபவமும் இல்லை.