எட்டாம் விமானப்படைப் பேட்ச்சும் என் புற ஊதா டார்ச்சும்

இரண்டாம் உலகப்போர் அசல் என்று இணையத்தில் ஒருவர் விற்ற அமெரிக்க எட்டாம் விமானப்படைத் தோள்பேட்ச் வந்து சேர்ந்தது. நீல வட்டம், பொன்னிறச் சிறகு முளைத்த 8, அதன் கீழ்ச்சுழியில் வெள்ளை நட்சத்திரம், நடுவே சிவப்புப் பொட்டு. அழகுதான். ஓரத்தைத் தடவியதும் சந்தேகம் தட்டியது: கயிறு மாதிரி தடித்துச் சுற்றித் தைத்த விளிம்பு. அது 1960களுக்குப் பிறகே பரவலானது. போர்க்காலப் பேட்ச்சுகளில் பெரும்பாலும் தையலை ஒட்டி வெட்டிய தட்டை விளிம்புதான்.

ராத்திரி விளக்கை அணைத்து 365 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். வெள்ளை நூல் ட்யூப்லைட்டாய் எரிந்தது. பிற்காலச் செயற்கை நூலும் வெண்மையூட்டும் ரசாயனமும் இப்படி ஒளிரும்; போர்க்காலப் பருத்தி நூல் பொதுவாக ஒளிராது. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. அசலையே யாராவது இக்காலச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். வெண்மையூட்டாத பருத்தி நூலில் தைத்த போலி ஒளிராமல் தப்பிவிடலாம். திருப்பிப் பார்த்தால் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு! போர்க்காலத்தில் ஏது அது?

"தாத்தா பெட்டியில கிடந்தது சார்" என்றார் விற்றவர். பின்பக்கப் படம் கேட்காமல் வாங்கியது என் தப்பு. பாதிப் பணம் திரும்பியது.

விற்பனையாளருக்கு ஒரு நட்சத்திரம். டார்ச்சுக்கு ஐந்து. மலிவான 395 நானோமீட்டர் டார்ச் வாங்காதீர்கள், அதன் ஊதா வெளிச்சமே ஒளிர்வை மறைத்துவிடும்.