மலேசியா, வியட்நாம், ஜப்பான்: நாகர்கோவில் சின்னக் கம்பெனி எந்தக் கதவைத் தட்டலாம்?

பத்து இருபது பேரை வைத்துக்கொண்டு எம்பெடட் வேலை (கருவிகளுக்குள் ஓடுகிற மென்பொருள்), டெஸ்டிங், தொழிற்சாலை ஆட்டோமேஷன் மென்பொருள் என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்பெனி நடத்துகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். செமிகண்டக்டர், அதாவது சிப், தொழிலை வளர்க்கப்போகிறோம், வெளிநாட்டுப் பங்காளிகள் வாருங்கள் என்று மூன்று ஆசிய நாடுகள் கூப்பிடுகின்றன. மூன்று பக்கமும் ஓடிப்பார்க்க நம்மிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் மலேசியா, பொறுமை இருந்தால் கூடவே ஜப்பான், வியட்நாம் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு நாட்டின் வளர்ச்சித் திட்டத்தைப் படிக்கும்போது எல்லோரும் முதலீட்டுத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தொகை இன்டெல், தைவானின் டிஎஸ்எம்சி மாதிரி பெரிய சிப் கம்பெனிகளுக்குப் போட்ட வலை, அதில் நமக்கு ஒன்றும் இல்லை. நாம் பார்க்க வேண்டியது அந்த நாட்டிடம் எது குறைவாக இருக்கிறது, அதை நிரப்ப அவர்களே ஆள் தயார் செய்துவிடுவார்களா, எத்தனை வருடத்தில் செய்வார்கள் என்பதைத்தான்.

மலேசியாவின் தேசிய செமிகண்டக்டர் திட்டத்தைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் 2024 மே மாதம் அறிவித்தார். முதல் கட்டத்திலேயே 50,000 கோடி ரிங்கிட் முதலீடு, அரசு ஆதரவாக 2,500 கோடி ரிங்கிட், 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. வியட்நாம் அதே ஆண்டு செப்டம்பரில் 2050 வரைக்கும் போட்ட திட்டத்தில் முதல் படியே பெரியது: 2030-க்குள் குறைந்தது 100 டிசைன் நிறுவனங்கள், ஒரு சிறிய ஃபேப் (சிப்பையே உருவாக்குகிற ஆலை), பத்து பேக்கேஜிங் ஆலைகள் (உருவான சிப்பை உறையிட்டு முடிக்கிறவை), 50,000 பொறியாளர்கள். ஜப்பான் அதே ஆண்டு நவம்பரில், சிப் தொழிலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் சேர்த்து 2030 வரை 10 லட்சம் கோடி யென்னுக்கு மேல் அரசு ஆதரவு என்றது. தொகைகளை இதோடு விட்டுவிடலாம்.

மலேசியாவுக்கு இந்தத் தொழில் நேற்று வந்ததல்ல. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையில்லா வணிக மண்டலம் தொடங்கியபோது இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் வைத்தது. ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, பாஷ் என்று அப்போது வந்த எட்டு கம்பெனிகளைப் பினாங்கில் இன்றைக்கும் ‘எட்டு சாமுராய்’ என்றுதான் சொல்கிறார்கள். உலகத்தின் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது. ஆனால் சிப்பை வடிவமைக்கிற வேலை, அதில் கிடைக்கிற பெரிய லாபம், பெரும்பாலும் வெளியேதான். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2025 மார்ச்சில், சிப் வடிவமைப்புகளை உரிமத்துக்கு விற்கிற ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். சிலாங்கூரின் பூச்சோங்கில் டிசைன் பூங்கா திறந்ததும் அதற்குத்தான். பொறியாளர் பற்றாக்குறையும் அங்கே உண்டு, அதற்கு ஒரு காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் டாலரில் சம்பளம் கிடைக்கும்போது நல்ல பொறியாளர்கள் பாலம் கடந்து போய்விடுகிறார்கள். நம்ம பிள்ளைகள் காலை ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போவதைப் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இதில் நமக்கு எங்கே இடம்? ஆர்ம் ஒப்பந்தத்தில் இல்லை, பூச்சோங்கிலும் இப்போதைக்கு இல்லை. சிப் டிசைனில் இறங்க மென்பொருள் உரிமக் கட்டணமே நம்மைப் போன்றவர்களின் ஒரு வருட வருமானத்தை விழுங்கிவிடும். இடம் இருப்பது பேக்கேஜிங், டெஸ்டிங் ஆலைகளின் தரைத்தளத்தில். வைட்ராக்ஸ், பென்டாமாஸ்டர் மாதிரி பினாங்கிலேயே வளர்ந்த உள்ளூர் நிறுவனங்கள் கேமரா வைத்துச் சோதிக்கிற இயந்திரங்களையும் சிப்பை எடுத்து வைத்துச் சோதிக்கிற இயந்திரங்களையும் செய்கின்றன. அந்த இயந்திரம் ஒவ்வொன்றும் ஆலையின் மையக் கணினியோடு பேச வேண்டும். அதற்கு இந்தத் தொழில் முழுக்கப் பயன்படுத்துகிற செக்ஸ்-ஜெம் (SECS/GEM) என்ற நெறிமுறை இருக்கிறது. எஸ்1எஃப்1 என்று ஒரு செய்தி போகும், ‘இருக்கிறாயா’ என்று அர்த்தம். எஸ்1எஃப்2 என்று பதில் வரும். ஒரு தட்டு சிப் முடிந்தால், ஒரு கதவு திறந்தால் எஸ்6எஃப்11 என்றும், ஒரு சென்சார் கோளாறானால் எஸ்5எஃப்1 என்றும் இயந்திரம் தானாகவே அறிவிக்கும். ஒவ்வொரு இயந்திர மாடலுக்கும் இந்த இணைப்பை எழுதி, இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும், செய்தி வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நாள்கணக்கில் சோதித்துக் கொடுக்க வேண்டும். பெரிய ஐடி கம்பெனிக்கு இந்த அளவு வேலை கட்டுப்படியாகாது, ஆலைக்குள் இருப்பவர்களுக்கு நேரம் கிடையாது. நாலைந்து பேர் கொண்ட அணி நாகர்கோவிலில் உட்கார்ந்து சிமுலேட்டரில் எழுதி, கடைசி வாரம் மட்டும் ஒருவர் நேரில் போய் நிறுவிவிட்டு வரலாம். நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை.

போக்குவரத்தும் சாதகம். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நம்ம மாவட்டத்துக்காரருக்குச் சென்னை போவதைவிட இது எளிது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம், வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசிவிட்டு வர அது போதும். நிறுவல் வேலைக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் உரிய அனுமதியை முறைப்படி எடுத்துவிடுங்கள். அங்கேயே கம்பெனி பதிய நினைத்தால் மலேசியா டிஜிட்டல் என்ற அரசுத் தகுதி பெறும் நிறுவனத்துக்கு முழு வெளிநாட்டு உரிமை உண்டு. நேர வித்தியாசம் இரண்டரை மணி நேரம்.

பினாங்கில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பதால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். சாப்பாடும் தங்குமிடமும் சுகமாக இருக்கும், ஆர்டர் வேறு. தொழில் பேச்சு ஆங்கிலத்தில்தான், விலைப் பேச்சு கறாராகவே இருக்கும். அப்புறம், அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்ற ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பு உயர்திறன் ஏஐ சிப்புகளை மறு ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும் என்று 2025 ஜூலையில் மலேசியாவே விதி போட்டது. நம் வேலையை நேரடியாக அது தொடாது, ஆனால் வாடிக்கையாளரின் ஆர்டர் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது நம் போன்ற வெளி ஆட்கள்தான்.

வியட்நாமைச் சுருக்கமாகவே சொல்லலாம். அந்த நாடு மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சாம்சங் அங்கே மிகப்பெரிய வெளிநாட்டு முதலீட்டாளர், சிப் பேக்கேஜிங் செய்கிற அம்கோர் பாக் நின் மாகாணத்தில் 160 கோடி டாலர் திட்டத்தை 2023-இல் திறந்தது, இன்டெல் 2010 முதலே ஹோ சி மின் நகரில் இருக்கிறது. ஆனால் அவர்கள் வெளியே இருந்து எதிர்பார்ப்பது மூலதனமும் தொழில்நுட்பமும். பொறியாளர் கைகளை அல்ல. கை அவர்களிடமே இருக்கிறது, பத்து கோடி மக்கள் தொகை, கணக்கில் கெட்டிக்கார இளைஞர்கள், நம்மோடு போட்டி போடக்கூடிய விலை. எஃப்பிடி போன்ற அவர்கள் மென்பொருள் நிறுவனங்கள் நாம் போக நினைக்கிற ஜப்பானிலேயே பல ஆண்டுகளாக வேரூன்றிவிட்டன. நாம் விற்க நினைப்பதை அவர்களும் விற்கிறார்கள். அங்கே போய்ப் பங்காளி தேடுவதைவிட, அவர்கள் எப்படி ஜப்பானுக்குள் நுழைந்தார்கள் என்பதைக் கற்றுக்கொள்வதில் நமக்கு லாபம் அதிகம்.

அவர்கள் நுழைந்த வழி இதுதான். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த, நிரலும் எழுதத் தெரிந்த ஒருவரை வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே உட்கார வைக்கிறார்கள். பாலப் பொறியாளர் என்று அந்தப் பதவிக்குப் பெயர். வாடிக்கையாளர் வாயால் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் அவர் புரிந்துகொண்டு ஹனோய்க்கும் டா நாங்குக்கும் எழுதி அனுப்புவார். இந்த ஒரு ஆள் இல்லாமல் ஜப்பானில் வேலை வாங்கவே முடியாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஜப்பானின் பற்றாக்குறை மூன்று நாடுகளிலும் பெரியது. 2030-இல் ஐடி ஆட்கள் மோசமான கணக்கில் 7.9 லட்சம் பேர் வரை குறையலாம் என்று அவர்களின் பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகமே மதிப்பிட்டது. மக்கள் தொகையே சுருங்கும்போது எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் இது அடைபடாது. மற்ற இரண்டு நாடுகளும் ஐந்தாறு வருடத்தில் தங்கள் ஆட்களைத் தயார் செய்துவிடலாம், ஜப்பானால் முடியாது. அதனால் அந்தக் கதவு நீண்ட காலம் திறந்திருக்கும். ஹொக்கைடோவின் சிதோசேயில் 2 நானோமீட்டர் சிப்பை 2027-இல் பெருமளவில் தயாரிக்கக் கிளம்பியிருக்கும் ரபிடஸ் நிறுவனம், குமாமோட்டோவில் 2024 பிப்ரவரியில் திறந்த டிஎஸ்எம்சி ஆலை என்பதெல்லாம் செய்திக்கு நன்றாக இருக்கும். நமக்கான வேலை கார் உதிரிபாகம், தொழிற்சாலை இயந்திரம், மருத்துவக் கருவி செய்கிற நடுத்தர நிறுவனங்களின் எம்பெடட் மென்பொருளில் இருக்கிறது.

அந்த வேலையின் தன்மையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தேவை ஆவணம் பெரும்பாலும் எக்செல் தாளில் வரும், கட்டம் கட்டமாக, ஜப்பானிய மொழியில். நீங்கள் செய்த ஒவ்வொரு சோதனைக்கும் திரையைப் படமெடுத்து, தேதியோடு, எந்தச் சோதனை எண்ணுக்கு எந்தப் படம் என்று ஒட்டி ஆதாரமாகக் கொடுக்க வேண்டும். நிரல் சரியாக ஓடுகிறது, ஆனால் ஆதாரப் படம் ஒன்று குறைகிறது என்றால் வேலை முடியவில்லை என்றே அர்த்தம். நம் பையன்கள் பலருக்கு இதில் எரிச்சல் வரும். மகேந்திரகிரி இஸ்ரோ மையம் மாதிரி இடங்களின் வேலைப் பழக்கம் தெரிந்த மூத்தவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள், ஒரு திருகைக் கழற்றினாலும் எழுதிக் கையெழுத்து போடுகிற ஒழுங்கு அவர்களுக்கு இயல்பு. அப்படி ஒருவரைத் தர மேற்பார்வைக்குப் பகுதி நேரமாகவாவது சேர்த்துக்கொள்வது எந்தப் பயிற்சி வகுப்பையும்விட உதவும்.

விலைப்பட்டியல் போடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இந்திய-ஜப்பான் வரி ஒப்பந்தப்படி தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு, வேலை நாகர்கோவிலில் நடந்தாலும், ஜப்பானில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். ஒப்பந்தச் சலுகைப் படிவத்தை வாடிக்கையாளர் முன்கூட்டியே தாக்கல் செய்யவில்லை என்றால் பிடித்தம் 20.42 சதவீதம். இந்திய வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ள முடியும், ஆனால் லாபம் குறைந்த கம்பெனிக்கு முழுதாகக் கழிவதில்லை, கையில் புழங்குகிற காசும் முடங்கும். ஆடிட்டரிடம் பேசிவிட்டு விலை சொல்லுங்கள்.

பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், முதல் ஆர்டர் சீக்கிரம் கிடைக்கக்கூடியது மலேசியாவில்தான், மொழித் தடை இல்லை என்பதால். ஒருமுறை நம்பிவிட்டால் நீண்ட காலம் கூடவே வைத்துக்கொள்வது ஜப்பான். ஆட்களை இழக்கிற அபாயமும் ஜப்பானில்தான் அதிகம், ஏனென்றால் மொழி கற்ற பொறியாளரை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள், திறன்மிக்கவர்களுக்கான புள்ளி முறையில் 80 புள்ளி இருந்தால் ஒரே வருடத்தில் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். போகிற பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன், குடும்பத்துக்கு அது பெரிய உயர்வு. கம்பெனி நடத்துகிறவர் ஒருவரை நம்பாமல் இரண்டு மூன்று பேருக்கு மொழி கற்றுக்கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மலேசியாவை முதலில் வைப்பதற்கு எனக்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. 76,000 கோடி ரூபாய்க்கு இந்தியா 2021-இல் தொடங்கிய செமிகண்டக்டர் திட்டத்தில் குஜராத்தின் சானந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோட்டில் டாடா என்று வருகிற ஆலைகளில் பல, பினாங்கைப் போலவே பேக்கேஜிங், டெஸ்டிங் ஆலைகள்தான். அந்த இயந்திரங்களும் அதே எஸ்1எஃப்1 மொழியில்தான் பேசும். பினாங்கில் இரண்டு ஆலைகளுக்குச் செய்து கொடுத்த அணிக்கு இங்கே மதிப்பு தனி. ஜப்பானில் கார் மென்பொருள் செய்த அனுபவத்துக்கும் இந்தியாவில் மதிப்பு உண்டு, ஆனால் அதற்குப் பெங்களூரிலும் புனேயிலும் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆலைத் தரைத்தள இணைப்பு தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு.

தொடங்க நினைப்பவர்கள் இன்டெலுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். செக்ஸ்-ஜெம் நெறிமுறைக்குத் திறந்த மூல நூலகங்கள் இருக்கின்றன, அவற்றை வைத்து ஒரு போலி இயந்திரமும் ஒரு போலி மையக் கணினியும் எழுதி, இணைப்பு அறுந்து மீள்வது உட்பட வேலை செய்கிற செயல்விளக்கம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கின் இயந்திரத் தயாரிப்பாளர்களை அணுகுங்கள். அதே நேரத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிற இரண்டு மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து எடுத்து, உதவித்தொகை கொடுத்து ஜப்பானிய மொழி படிக்க வையுங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்2 நிலையைத் தொட இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை பினாங்கு ஆர்டர்கள் சம்பளத்தைப் பார்த்துக்கொள்ளும்.