கடலோரக் கூடாரமா, ஏரிக்கரைக் கூடாரமா? நீந்தப் போகிறவளின் மதிப்புரை

கடலோரத்தில் ஒன்று, கிராமப்புற ஏரிக்கரையில் ஒன்று என்று இரண்டு கிளாம்பிங் (மெத்தை, விளக்கு என வசதிகளோடு கூடாரத்தில் தங்குவது) இடங்களில் தங்கிவிட்டு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் இரண்டின் பெயரையும் போடவில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் கடலோர இடத்துக்கு 5-க்கு 5. நீச்சலுக்கு 2 தான். ஏரிக்கரையில் கூடாரத்துக்கு 3, நீச்சலுக்கு 5. மறுபடியும் நான் போகப்போவது ஏரிக்கரைக்கு.

சின்ன வயதிலிருந்தே நீந்துகிறவள் நான். தண்ணீருக்குப் பக்கத்தில் தங்கினால் காலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்ததும் ஒரு முறை இறங்கியாக வேண்டும். என்னோடு வருவது முழங்கால் வலி உள்ள அம்மாவும், இப்போதுதான் நீச்சல் பழகிவரும் ஒன்பது வயது மகனும். ஆக, எனக்குக் கைகால் நீட்டி நீந்தும் ஆழம் வேண்டும். அவனுக்குக் கால் ஊன்றி நிற்கும் தரை வேண்டும். அம்மாவுக்கு உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கிளாம்பிங் விளம்பரங்களில் இதற்கெல்லாம் விடை இருப்பதில்லை. மெத்தை, விளக்குச் சரம், மரத் தளத்தில் இரண்டு நாற்காலி எல்லாம் பளிச்சென்று தெரியும்; தண்ணீர் மட்டும் எங்கோ பின்னால் ஒரு நீலக் கோடாக இருக்கும்.

அதனால் முன்பதிவுக்கு முன்னால் இரண்டு இடங்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: தண்ணீரில் இறங்கும் இடத்தையும், கூடாரத்திலிருந்து அங்கே வரும் பாதையையும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? கடலோரத்திலிருந்து அழகான ஓர் அஸ்தமனப் படம் வந்தது. ஏரிக்கரையிலிருந்து யாரோ கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே நடந்து எடுத்த காணொளி வந்தது. ஆட்டம் அதிகம், பின்னணியில் காற்றின் இரைச்சல். ஆனால் பாதையில் எங்கே சரளைக் கல், எங்கே மூன்று படி, எங்கே கைப்பிடி என்று எல்லாம் தெரிந்தது. அம்மா அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

முதலில் கடலோரம். அங்கே இருந்தது பெல் டென்ட்: நடுவில் ஒரே கம்பம், வட்டத் தரை, மணியைக் கவிழ்த்தது போன்ற உருவம். கெட்டியான பருத்தித் துணி. இதில் தங்கிப் பார்த்த பிறகு, கூடாரம் என்றால் இந்தத் துணிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. துணி வழியே கொஞ்சம் காற்று ஊடாடுவதால் இரவில் உள்ளே வியர்ப்பதே இல்லை. மழை வந்தபோது இன்னும் பிடித்துப்போனது. நனைந்ததும் பருத்தி இழைகள் உப்பி, நெசவின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. நனைந்த துணியை உள்பக்கம் தொட்டால் அந்த இடத்தில் கசியலாம் என்பதால் மகனை மட்டும் சுவரிலிருந்து தள்ளிப் படுக்கவைத்தேன். கதவு ஜிப் பிளாஸ்டிக்கில் இருந்தது. உப்புக் காற்றில் உலோக ஜிப் அரித்துச் சிக்கிக்கொள்ளும். அதை யோசித்து வாங்கியவர்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது. குளிருக்கு ஒரு சின்ன விறகு அடுப்பு. புகைக்குழாய் கூரைக்கு வெளியே போகிறது. படுக்கைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருந்தது. அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது; அலாரம் இல்லாத கூடாரத்தில் நான் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்று நினைத்துக்கூட, உள்ளே கொண்டுவரக் கூடாது. இதை மட்டும் எல்லாக் கூடாரங்களிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். 'கடற்கரைக்கு 5 நிமிட நடை' என்று போட்டிருந்தார்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் சரிதான். நிஜப் பாதை மணல்மேட்டைச் சுற்றிப் போகிறது, அதுவும் கால் புதையும் மணலில். நானும் மகனும் ஓடிவிடுவோம்; அம்மா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பும்போது மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். விளம்பரப் படத்தில் இருந்த அகன்ற மணல்வெளியும் பாதி நேரம்தான் இருக்கிறது. கடல் ஏறியதும் மேட்டடி வரை அலை வந்துவிடுகிறது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் நேரம் 50 நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நீங்கள் தங்கும் தேதிக்கு ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தால், காலை எழுந்ததும் மணல் இருக்குமா என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். 2 மதிப்பெண் போடவைத்தது வேறு.

மணல்மேட்டில் ஏறி நின்று கடலைப் பார்த்தால் வலமும் இடமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையவில்லை. அங்கே தண்ணீர் கொஞ்சம் கறுத்து, மேற்பரப்பு சிற்றலையாகச் சலசலத்துக்கொண்டிருந்தது. கரையோரத்து நுரை அந்தப் பட்டைக்குள் நுழைந்து, மெதுவாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரிப் கரண்ட். கரைக்கு வந்து குவியும் தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. பார்ப்பவர்களுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். அலை அடிக்கவில்லையே என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குவார்கள். கூடாரங்களிலிருந்து வரும் பாதையும் நேராக அங்கேதான் போய் முடிந்தது.

ஊழியர் ஒருவரிடம் காட்டினேன். "பயப்படாதீங்க மேடம், எல்லாரும் அங்கதான் குளிப்பாங்க" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கரையில் உயிர்காப்பாளர் இல்லை, கொடி இல்லை, மிதவை வளையம்கூட இல்லை. மெத்தைக்கும் விரிப்புக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், தண்ணீரை விருந்தினர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். இதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. நீச்சலைச் சொல்லித்தான் அறையை விற்கிறார்கள்.

ரிப் கரண்டின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் வரைகூடப் போகும். ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, கரையிலிருந்து தூரமாகத்தான் கொண்டுபோகிறது. கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் ஆபத்து. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கையை ஆட்டி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்குப் போய், அந்த அலையோடு கரைக்கு வர வேண்டும். மகனுக்கு இதை மேட்டில் உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு குச்சியை எறிந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று அவனே பார்த்தான். "அம்மா, அது திரும்பி வரவே மாட்டேங்குது" என்றான். அங்கே தங்கியிருந்தவரை அவனைக் கணுக்காலுக்கு மேல் இறங்கவிடவில்லை. நான் பட்டைக்கு வெகுதூரம் தள்ளி, கடல் அடங்கியிருந்த நேரங்களில் கொஞ்சம் நீந்தினேன்.

கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள், உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையை முதலில் தேடிவிட்டு, அதற்குப் பக்கத்தில் கூடாரம் தேடுங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே நீந்தலாம். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. ப்ளூ ஃப்ளாக் சான்று பெற்ற கடற்கரை என்றால் கூடுதல் நிம்மதி. 1985-இல் பிரான்சில் தொடங்கி இன்று பல நாடுகளில் வழங்கப்படும் அந்தச் சான்றுக்குத் தண்ணீரின் தரம், பாதுகாப்பு ஏற்பாடு இரண்டையும் பார்க்கிறார்கள். ஒரு பருவத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்பதால், பழைய படத்தில் கொடி தெரிகிறது என்று நம்பிவிடாமல் இந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள்.

அப்புறம் ஏரிக்கரை. கூடாரத்தின் குறையைச் சொல்லிவிடுகிறேன். அது டோம், அதாவது அரைக்கோள வடிவக் கூடாரம். முக்கோணச் சட்டங்களைக் கோத்த எலும்புக்கூட்டின் மேல் பிவிசி உறை, முன்பக்கம் பெரிய கண்ணாடித் தாள். காற்றுக்கு அசையாது. ஆனால் அந்தத் தாள் கிழக்கைப் பார்த்து இருந்தது. சூரியன் எழுந்ததும் நாங்களும் எழுந்தாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்க முடியாத சூடு. இரவில் நேர்மாறு. உள்ளே விட்ட மூச்செல்லாம் உறையில் படிந்து, விடியும்போது அம்மாவின் போர்வை ஓரம் ஈரமாகிவிட்டது. மேலே இருந்த காற்றுத் துளையைத் திறந்துவைத்த பிறகு ஓரளவு சரியானது. டோம் பதிவு செய்கிறவர்கள் முகப்பு எந்தத் திசை, பகலில் நிழல் விழுமா, மேலே துளை உண்டா என்று கேளுங்கள். கழிப்பறை தனியாக, சுத்தமாக இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தண்ணீர் பக்கம் போனதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஏரிக்குள் நீளும் மர மேடை. அதன் ஓரத்தில் ஆழத்தைப் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள்: தொடக்கத்தில் 0.6, நடுவில் 1.2, முனையில் 2.8 மீட்டர். நின்று நீந்தும் பகுதிக்கும் ஆழத்துக்கும் நடுவே மிதவைக் கயிறு. மேடையின் கம்பத்தில் கயிறு கட்டிய உயிர்காப்பு வளையம். தலைகுப்புறக் குதிக்கக் கூடாது என்று படம் போட்ட அறிவிப்பு. பக்கத்தில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் யாராவது ஒருவர் வந்து வெப்பமானியை நீரில் விட்டுப் பார்த்து அதில் எழுதுகிறார். நாங்கள் போனபோது 19 டிகிரி. 15 டிகிரிக்குக் கீழே போனால் உடம்பு அதிர்ந்து, முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது. நன்றாக நீந்துகிறவர்களும் அந்த நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் குதிக்காமல் ஏணியில் மெல்ல இறங்கும்படி பலகையிலேயே குறிப்பு இருக்கிறது. 19 டிகிரி என்பதும் மேல்தண்ணீருக்குத்தான். முனையில் காலைக் கீழே விட்டால் இடுப்புக்குக் கீழ் சட்டென்று குளிர் மாறுவது தெரிந்தது. வெயில் காலத்து ஏரிகளில் சூடான நீர் மேலே அடுக்காக நிற்கும், கனமான குளிர்நீர் அடியிலேயே கிடக்கும்.

ஒரு நாள் இரவு நல்ல மழை. காலையில் மேடை வாசலில் சங்கிலி, அதில் ஒரு சிவப்பு அட்டை. மகனுக்கு முகம் வாடிவிட்டது. நடத்துபவரிடம் போய்க் கேட்டேன். மழைநீர் சுற்றியுள்ள வயலையும் மாட்டுக் கொட்டகையையும் கழுவிக்கொண்டு ஏரிக்கு வரும், கிருமி கூடும், இரண்டு நாள் கழித்துத்தான் திறப்போம் என்றார். நீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகளான ஈ.கோலை, என்டரோகாக்கை இரண்டுக்கும் செய்த பரிசோதனை முடிவுகளை வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார். தேதியோடு, மோசமாக வந்த ஒரு முடிவையும் மறைக்காமல். பச்சைச் சாயம் கொட்டியது போல நீர்மேல் படலம் தெரிந்தால் நீலப்பச்சைப் பாசி, அதற்கும் மூடிவிடுவார்களாம். அந்தப் படலம் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் நஞ்சாகலாம். விருந்தினர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் சங்கிலி போடுகிற ஆள் எனக்குப் போதும். அந்த 5-இல் பெரும்பங்கு அந்தச் சங்கிலிக்குத்தான்.

மூடியிருந்த நாட்களில் அங்கேயே இருந்த சின்ன நீச்சல்குளத்தில் இறங்கினோம். குளத்தில் இறங்குமுன் நான் பார்ப்பது அடித்தளத்து வடிகால் தெளிவாகத் தெரிகிறதா என்பதைத்தான். கண்ணைக் கரிக்கும் குளோரின் நெடி அடித்தால் நல்ல சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள்; வியர்வையும் மற்றதும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் அது, குளம் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். இங்கே நெடி இல்லை. வடிகாலின் திருகாணி வரை தெரிந்தது.

ஏரியில் ஒரே குறை ஏணி. கடைசிப் படியில் பாசி படிந்து வழுக்கியது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். அம்மா உட்கார்ந்து காலை நனைக்கத் தாழ்வான திண்ணை இருந்ததால் சமாளித்தார். ஆனால் அவருக்கும் இறங்க ஆசை. கிளம்பும்போது இதைச் சொன்னேன். நடத்துபவர் குனிந்து அந்தப் படியைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுதிவைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். சொரசொரப்பான புதுப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. அடுத்த விடுமுறைக்கு அம்மாவுக்கும் ஒரு நீச்சலுடை எடுத்தாயிற்று. இந்த முறை கிழக்கைப் பார்க்காத டோம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.