அறுபது பேர், மூன்று கேள்வி: 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கேம் விமர்சனம்

இருநூறு டன்னுக்கு மேல் சரக்கோடு 1802இல் லண்டனிலிருந்து கீழ்த்திசைக்குக் கிளம்பிய 'ஓப்ரா டின்' என்ற கப்பல், நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவேயில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கடலில் தொலைந்ததாக எழுதிவிடுகிறார்கள். 1807 அக்டோபர் 14 அதிகாலையில் அதே கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. பாய்கள் சேதப்பட்டிருக்கின்றன, உயிரோடு ஒருவரையும் காணோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகம் அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளராக நாம் அதில் ஏறுகிறோம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, யாரால் ஆனது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கேம் முழுக்க நமக்கு இருக்கும் வேலை இது ஒன்றுதான்.

லூகாஸ் போப் ஏறக்குறைய தனி ஆளாக, நான்கு வருடத்துக்கும் மேல் உழைத்துச் செய்த கேம் இது. படம், நிரல், இசை எல்லாம் அவரே. 2018 அக்டோபர் 18இல் விண்டோஸுக்கும் மேக்குக்கும் வந்தது, சரியாக ஒரு வருடம் கழித்து பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூன்றுக்கும் வந்தது. 2019இல் ஐ.ஜி.எஃப். என்ற சுயாதீன கேம்களுக்கான விழாவின் முதன்மைப் பரிசையும் கதைசொல்லலுக்கான பரிசையும் சேர்த்து வாங்கியது. கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறத்தில் புள்ளிபுள்ளியாக வரைந்த அதன் தோற்றத்தைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது அதன் கதையை. நாவலோ படமோ கேமோ, முடித்துவிட்டு 'சரியாகத்தான் முடிந்தது' என்று மனசு ஒத்துக்கொள்வதற்கு என்ன காரணம் என்று யோசிப்பவர்கள் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான இயந்திரம் கிடைப்பது கஷ்டம்.

கையில் இரண்டு பொருள்கள். ஒன்று ஒரு பாக்கெட் கடிகாரம். கப்பலில் கிடக்கும் எலும்பின் அருகே அதைத் திறந்தால், முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும்: அந்த ஆள் சாவதற்குச் சில நொடி முன் நடந்த பேச்சு. பிறகு அவர் இறந்த அந்தக் கணம் சிலையாக உறைந்து கண்முன் விரியும். துப்பாக்கிப் புகை அந்தரத்தில் நிற்கும், சிதறிய மரத்துண்டு பறந்தபடியே நிற்கும். அதற்குள் சுற்றி நடந்து, நிற்பவர் ஒவ்வொருவரின் முகத்தையும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இரண்டாவது பொருள் ஹென்றி எவான்ஸ் என்பவர் அனுப்பிவைத்த புத்தகம். பெயர், பதவி, நாடு சேர்ந்த 60 பேர் பட்டியல், எல்லோர் முகமும் வரும் ஓவியங்கள், கப்பலின் தள வரைபடம், பயணப் பாதை, பத்து அத்தியாயங்களுக்கான வெற்றுப் பக்கங்கள் எல்லாம் அதில் உண்டு. முகத்தையும் பெயரையும் விதியையும் சேர்த்து வைப்பது நம் பொறுப்பு.

இதில் கேமின் உயிர்நாடி ஒரு சின்ன விதி. நாம் எழுதியது சரியா தவறா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாது. மூன்று பேருடைய விவரம் முழுசாகச் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றும் ஒன்றாக அச்செழுத்தாகி உறுதிப்படும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஒருவரை மட்டும் சரிபார்த்துச் சொல்வதாக இருந்தால் 60 பெயரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து யாரும் ஜெயித்துவிடலாம். மூன்று பேர் சேர்ந்தால் பெயர்களுக்கு மட்டும் 60 × 59 × 58, அதாவது 2,05,320 வழிகள். சாவுக்கான காரணமும் கொன்றவர் பெயரும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. குருட்டாம்போக்கில் அடிப்பது வீண் என்று இப்படி ஆக்கிவிட்டதால், யோசிப்பது ஒன்றே வழியாகிறது. அதே சமயம் மூன்று கிடைத்ததும் உறுதி வந்துவிடுவதால், தப்பான ஊகத்தின்மேல் ஊகமாக மணிக்கணக்கில் கட்டிக்கொண்டே போய் மொத்தமும் சரிந்துவிடும் ஆபத்தும் இல்லை. இரண்டு என்று வைத்திருந்தால் சல்லிசாகியிருக்கும், ஐந்து என்று வைத்திருந்தால் பாதிப் பேர் பாதியில் விட்டிருப்பார்கள்.

இன்னொரு நேர்மையான ஏற்பாடும் உண்டு. ஓவியத்தில் ஒருவருடைய முகம் மங்கலாகத் தெரிந்தால், அவரை அடையாளம் காணப் போதுமான தகவலை நாம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்துவிட்டால் முகம் தெளிவாகும். கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒன்று முதல் மூன்று முக்கோணங்கள் காட்டும். 'நீ கேட்கும் விடை ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது' என்று கதை வாசகருக்கு நேரடியாக வாக்குக் கொடுக்கும் இடம் இது. நாவலிலும் படத்திலும் இந்த வாக்கை எழுத்தாளரின் பெயரை நம்பி நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். இரண்டாவது விதி: அமானுஷ்யம் கூடாது. எட்டாவது விதி: துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் எதுவும் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். ஓப்ரா டின் இரண்டாவது விதியைத் தயங்காமல் உடைக்கிறது. செத்தவரின் கடைசிக் கணத்தைக் காட்டும் கடிகாரமே அமானுஷ்யம்தான், கடலுக்கு அடியிலிருந்து வருபவற்றைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுகிறேன். ஆனாலும் ஒரு இடத்தில்கூட 'இது போங்கு' என்று தோன்றாது. காரணம், எட்டாவது விதியை அது கடுகளவும் மீறவில்லை. எந்தப் பூதத்தை வேண்டுமானாலும் கதைக்குள் கொண்டுவரலாம். ஆனால் நம்மிடம் கேட்கும் கேள்விக்கு விடையாக அந்தப் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. இங்கே கேள்வி 'இது எப்படி நடக்க முடியும்' என்பதில்லை. 'இந்தச் சட்டை போட்டவர் பட்டியலில் யார்' என்பது. அதற்கு எந்த மந்திரமும் உதவாது. கண்ணும் காதும்தான் உதவும்.

நம்மூர் திரில்லர் படங்களில் அடிக்கடி சறுக்குவதும் இந்த எட்டாவது விதியில்தான். முதல் பாதி முழுக்கத் தடயம் சேர்ப்பார்கள். இன்டர்வல் பிளாக் வரை பிரமாதமாகப் போகும். அதற்குப் பிறகு, அதுவரை ஒரு ஃபிரேமிலும் வராத ஒருவர் கொலையாளியாக வந்து நிற்பார், அவருடைய சோகத்துக்கு இருபது நிமிட ஃபிளாஷ்பேக். அந்தச் சோகம் நிஜமாகவே மனதைத் தொடலாம், நடிப்பும் நன்றாக இருக்கலாம். ஆனால் சேர்த்துவைத்த தடயங்களில் ஒன்றுகூட அவரை நோக்கிக் கை காட்டியிருக்காது. தியேட்டரை விட்டு வரும்போது 'ட்விஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ குறையுது' என்று தோன்றுவதற்குக் காரணம் இந்த விட்டுப்போன கணக்கு.

ஓப்ரா டின்னில் தடயம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் மட்டும். அதிகம் சொன்னால் விளையாடப்போகிறவரின் பங்கைப் பிடுங்கியதாகிவிடும். மாலுமிகள் தூங்கும் தளத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்குகின்றன. ஒரு காட்சியில் எங்கோ மூலையில் யாரோ செத்துக்கொண்டிருப்பார், பார்ப்பவரின் கவனமெல்லாம் அங்கே இருக்கும். தூளிகளில் எண் எழுதிய சீட்டுகள் இருப்பதை முதல் தடவை பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் எண் உண்டு என்பது ஒரு கட்டத்தில் சட்டென்று உறைக்கும். அந்த எண் முதலிலிருந்து நம் முன்னால்தான் இருந்தது. அது தடயம் என்று யாரும் சொல்லவில்லை, கேமரா அதைப் பெரிதாக்கிக் காட்டவில்லை, இசை உயரவில்லை. நிறைவு என்பது இந்த இடத்தில் பிறக்கிறது: புதிதாக எதுவும் வந்து சேராமல், பார்த்ததே வேறாகத் தெரியும்போது. யார் யாரை 'கேப்டன்' என்கிறார், யாருடைய உச்சரிப்பு மாறுகிறது, விசாரணையில் யார் எங்கே நிற்கிறார், யார் எந்த அறைக் கதவைத் திறந்து வருகிறார் என்று எல்லாமே இப்படித்தான்.

கதையை ஏறக்குறைய பின்னோக்கிச் சொல்வது இன்னொரு துணிச்சல். முதலில் கிடைப்பது பத்தாம் அத்தியாயம். கேப்டனின் முடிவு நமக்கு எடுத்தவுடனே தெரிந்துவிடுகிறது. ஆகவே 'அடுத்து என்ன' என்ற கேள்வி போய், 'இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள்' என்ற கேள்வி கடைசி வரை இழுத்துச் செல்கிறது. முதல் அத்தியாயங்களில் சாதாரணமாகச் சிரித்துப் பேசும் ஒருவரைப் பார்க்கும்போது, அவர் எப்படிச் சாகப்போகிறார் என்று தெரிந்தே பார்க்கிறோம். முன்கூட்டியே முடிவைத் தெரிந்துகொண்டால் சுவை கெட்டுவிடும் என்ற எண்ணத்தை இந்த அமைப்பு நன்றாகவே அசைத்துவிடுகிறது. கெடுவது முடிவு தெரிவதால் அல்ல, நாமே சேர்க்க வேண்டிய கண்ணியை வேறொருவர் சேர்த்துவிடுவதால்.

குறைகளும் இருக்கின்றன, அவை சின்னவை அல்ல. முதலாவது, பார்த்த காட்சியை மறுபடி பார்க்கப் புத்தகத்திலிருந்து நேராகப் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் கப்பலில் அந்த எலும்பு கிடக்கும் இடத்துக்கு நடந்தே போக வேண்டும். நாற்பது பேருக்கு மேல் கண்டுபிடித்த பிறகு, ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு தளம் ஏறி இறங்குவது யோசனையின் ஓட்டத்தையே அறுக்கிறது. அதற்கு நேரெதிர்த் தொல்லை முதல் தடவை காட்சிக்குள் போகும்போது: இசை ஒரு கட்டம் வரை ஓடி முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத சிறிய அறையில் அது நீளமாகத் தெரியும்.

இரண்டாவது, மூன்று பேர் பூட்டில் ஓர் ஓட்டை. இரண்டு பேரை உறுதியாகத் தெரிந்துவிட்டால் மூன்றாமவரின் இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அதிகபட்சம் 58 முயற்சி. தவறான பதிலுக்குத் தண்டனை எதுவும் இல்லை. கடைசிப் பத்துப் பேருக்கு வரும்போது மிச்சப் பெயர்களும் குறைந்துவிடுவதால் ஆசை இன்னும் அதிகமாகும். அப்படி முடித்தவர்கள் கேமை முடித்திருப்பார்கள், கதையை முடித்திருக்க மாட்டார்கள். குறிப்பாக நான்கு சீன மாலுமிகள் விஷயத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் கேமின் தவறும் உண்டு. ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பேச்சும் குணமும் உறவும் பகையும் தந்த எழுத்து, சீன, இந்திய மாலுமிகளுக்குப் பெரும்பாலும் உடையையும் எண்ணையும்தான் தருகிறது. ரென்ஃப்ரெட் ராஜுப் என்று இந்திய மாலுமி ஒருவருக்குப் பெயர். இந்தியாவின் எந்தக் கரையில் அப்படிப் பெயர் வைப்பார்கள்? கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளுக்கு 'செராங்', 'தண்டல்' என்று தங்களுக்கே உரிய பதவிப் பெயர்கள் இருந்தன. அவர்களைப் புதிராக மட்டும் வைத்ததால், கண்டுபிடித்த பிறகும் அவர்களுக்காக மனம் கனப்பதில்லை.

மூன்றாவது, பெரிய கதையின் காரணகாரியம் மெலிந்தது. 60 பேரின் விதியை இவ்வளவு துல்லியமாக எழுதியவர், பேராசையும் துரோகமும் ஏன் அந்தக் குறிப்பிட்ட ஆட்களிடம் முளைத்தன என்பதை ஓரிரு வரிப் பேச்சில் கடந்துவிடுகிறார். உறைந்த கணங்களால் ஒருவர் என்ன செய்தார் என்று காட்ட முடியும். அவர் செய்வதற்கு முன் எவ்வளவு தயங்கினார் என்று காட்ட முடியாது. அந்த இடத்தில் ஒரு நாவல் இதைவிட ஆழமாகப் போகும்.

ஆனால் முடிவு விஷயத்தில் இதைவிடப் பல மடங்கு பணம் போட்ட கேம்கள் கோட்டைவிட்டிருக்கின்றன. 2012 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' மூன்று பாகமாக 'நீ எடுக்கும் முடிவுகள்தான் கதை' என்று வாக்குக் கொடுத்துவந்தது. கடைசிக் காட்சியில் அதுவரை எடுத்த முடிவுகள் பின்னுக்குப் போய், நிறம் மட்டும் மாறும் ஒரே மாதிரியான முடிவுகளாகச் சுருங்கியது. ரசிகர்கள் கொதித்ததில், ஜூன் 26இல் முடிவை விரித்துச் சொல்லும் இலவசச் சேர்க்கை ஒன்றை வெளியிட்டார்கள். விளக்கம் கூடியதே தவிர வாக்கு நிறைவேறவில்லை. ஓப்ரா டின் அப்படிப் பெரிய வாக்குக் கொடுக்கவில்லை. '60 பேருக்கும் விடை உண்டு' என்றது, 60 பேருக்கும் விடை வைத்திருந்தது.

விளையாடுகிறவர்களுக்குச் சில யோசனை. ஹெட்ஃபோன் கட்டாயம், உச்சரிப்பு இங்கே ஒரு தடயம், வசன எழுத்தை மட்டும் நம்பினால் அது கைநழுவும். திரையின் நிறத்தைப் பழைய மானிட்டர்கள் மாதிரி மாற்றிக்கொள்ளலாம், கண் வலித்தால் முதலில் அதை மாற்றுங்கள். முதல் சுற்றில் கப்பல் முழுவதும் எலும்புகளைத் தேடி எல்லாக் காட்சிகளையும் திறந்துவிடுங்கள், பெயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டாம் சுற்றில் ஒரு முக்கோணம் உள்ள, தெளிந்த முகங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருவருடைய முகத்தைப் புத்தகத்தில் குறித்துவைத்தால் அவர் வரும் காட்சிகள் எல்லாம் அடையாளப்படும். சிக்கிக்கொள்ளும்போது பெரும்பாலும் இதுதான் கை கொடுக்கும். சாவுக்கான காரணத்தை எந்தச் சொல்லில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், குழப்பமான இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடையைக் கேம் ஏற்றுக்கொள்ளும். மொத்தம் எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். ஒரு மாதம் இடைவெளி விட்டால் முகங்கள் மறந்துவிடும், ஒரே வாரத்தில் முடிப்பது நல்லது. தமிழ் வசன எழுத்து இல்லை, கடல்வழி ஆங்கிலச் சொற்களுக்குப் புத்தகத்தின் அகராதிப் பக்கம் உதவும்.

எல்லாக் காட்சிகளையும் பார்த்து முடித்ததும் மழை தொடங்கும், படகுக்காரர் கரைக்குக் கூப்பிடுவார். அவசரப்பட்டு ஏறிவிடாதீர்கள். 58 பேருடைய விதியையும் எழுதி முடித்தவருக்குத்தான், மிச்ச இருவரின் விதியோடு புத்தகத்தில் பூட்டிக் கிடக்கும் எட்டாம் அத்தியாயம் திறக்கும்.