நட்சத்திர வீரரைக் கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கிருஷ்ணகிரியில் விடிகாலையில் மொபைலில் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் பார்த்துவிட்டு, பந்தோடு மைதானத்துக்கு வரும் பசங்களிடையே ஓயாத வாக்குவாதம் இது. அணியின் செல்லப்பிள்ளையை இன்னொரு அணிக்குக் கொடுப்பது சரியா?

கோப்பை
கொடுத்தால்: சீக்கிரம் கிடைக்கலாம். 2018-இல் டொராண்டோ அணி தன் செல்லப்பிள்ளை டிமார் டெரோசனைக் கொடுத்து கவாய் லெனார்டை வாங்கியது. மறு வருடமே முதல் கோப்பை.
வைத்துக்கொண்டால்: காத்திருக்க வேண்டும். 1998-இல் டல்லாஸ் அணிக்கு வந்த டிர்க் நோவிட்ஸ்கி கோப்பையைத் தொட்டது 2011-இல்தான்.

நிலைப்பது
கொடுத்தால்: வந்தவர் தங்குவார் என்ற உறுதி இல்லை. கவாய் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார்.
வைத்துக்கொண்டால்: டிர்க் மாதிரி 21 சீசன், ஒரே ஜெர்சி.

வயது
என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து, 31 வயது ஆண்டனி டேவிஸை வாங்கியது. முந்தைய வருடம்தான் லூக்கா அவர்களை இறுதிச் சுற்று வரை இழுத்துப்போயிருந்தார். ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டியோடு வந்து நின்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் டொராண்டோவின் கணக்கு வேறு. 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று வருடம் நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்ட் அணியிடம் தோற்றுக் கதவு அடைபட்ட அணி அது. அப்படி முட்டி நிற்கும் அணி கொடுக்கலாம், மனசு வலித்தாலும். ஆள் இளசாக இருந்து, அணியும் ஏறுமுகத்தில் இருந்தால் தொடவே கூடாது.